பாவலர் கிரியேஷன்ஸ் தெரியும்... அந்தப் பாவலர் யார்? பண்ணைப்புரத்து வரதராஜனின் கதை

ரஜினியின் ராஜாதி ராஜா, கமலின் சிங்காரவேலன், பாரதிராஜாவின் அலைகள் ஓய்வதில்லை. இந்த மூன்று படங்களின் டைட்டில் கார்டையும் யூடியூபில் ஓடவிட்டுப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் ஒன்றுதான்: பாவலர் கிரியேஷன்ஸ். பெயரைப் பார்த்திருப்போம், ஸ்கிப் பண்ணியிருப்போம். ஆனால் யார் அந்தப் பாவலர்?

இளையராஜாவின் அண்ணன், கங்கை அமரனின் அண்ணன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் கீழே வந்தால், யுவனுக்கும் வெங்கட் பிரபுவுக்கும் பெரியப்பா. உறவுமுறை எல்லாம் சரிதான். ஆனால் தம்பிகள் பெரிய ஆளாகும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேலே உள்ள மலைகளிலும் கூட்டம் கூட்டமாக ரசிகர்களை வைத்திருந்தவர் பாவலர் வரதராஜன். சினிமா இல்லை, இசைத்தட்டுப் புகழ் இல்லை. ஒரு ஆர்மோனியம், ஒரு மைக், ஒரு செங்கொடி. அவ்வளவுதான் முதலீடு.

கீழே நெல், மேலே தேயிலை

இந்தக் கதை புரிய, முதலில் மேப்பைத் திறக்க வேண்டும். போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகும் சாலையில் போனால் வலது பக்கம் முழுக்க மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. போடிமெட்டு வழியாக ஏறினால் பூப்பாறை, மூணாறு. கம்பம்மெட்டு வழியாக ஏறினால் நெடுங்கண்டம். குமுளி வழியாகப் போனால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு பள்ளத்தாக்கில் நெல் செழித்தது. மலையில் வெள்ளைக்கார கம்பெனிகளின் தேயிலை, ஏலத்தோட்டங்கள் செழித்தன. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? கீழே நிலம் இல்லாதவர்கள் மேலே ஏறினார்கள். இன்றைக்கும் விடியற்காலையில் ஏலத்தோட்டக் கூலி வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதைப் பள்ளத்தாக்கில் பார்க்கலாம்.

வரதராஜனின் அப்பா டேனியல் ராமசாமியும் அப்படி மலையோடு தொடர்புள்ளவர்தான். தோட்டத்தில் கங்காணி வேலை. அதாவது, ஆட்களைத் திரட்டி வேலை வாங்குபவர். கங்காணி வீட்டில் பிறந்த மகன் பின்னாளில் அதே மலையில் தொழிலாளர் பக்கம் நின்று பாடினார் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

பண்ணைப்புரம் சின்ன ஊர். அப்போது தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் மதுரை மாவட்டம். ராமசாமியின் குடும்பம் தலித் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம். ஊரின் கோயில் மேடையும் திருவிழாக் கச்சேரியும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சும்மா கிடைத்துவிடும் காலம் இல்லை அது. மேடை வேண்டுமென்றால் வேறு எங்காவதுதான் தேட வேண்டும். வரதராஜனுக்கு அது கம்யூனிஸ்ட் கட்சியிடம் கிடைத்தது.

அப்பா காலமானபோது தம்பிகள் சிறுவர்கள். அடுத்தடுத்து ஆர்.டி.பாஸ்கர், ராசய்யா என்ற இளையராஜா, அமர் என்ற கங்கை அமரன். மூத்தவர் என்ற முறையில் குடும்பத்தின் பாரமும் கட்சி மேடையும் வரதராஜனுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

மேடையில் என்னதான் நடக்கும்?

இன்றைய அரசியல் கூட்டத்தில் தலைவர் வர லேட்டானால் டிஜே வைக்கிறார்கள். அன்றைக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், தரம் மட்டும் வேறு. பேச்சாளர் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சேர்க்க வேண்டும், சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைக்க வேண்டும். பாவலரின் கூட்டங்களில் இது தலைகீழாகப் போனது. பாட்டுக் கேட்கத்தான் ஜனம் வந்தது, பேச்சு நடுவில் வந்தால் பொறுத்துக்கொண்டது.

அவருடைய முக்கியமான உத்தி, ஹிட்டான சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு அதில் தன் சொற்களை வைப்பது. காப்பி என்று இதை மட்டமாக எடைபோட வேண்டாம். காரணம் இருந்தது. 1952க்குப் பிறகு மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமா பாட்டை ஒதுக்கி வைத்தது. அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. டீக்கடை ரேடியோ வழியாக மெட்டு ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கும். மெட்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலை பாவலருக்கு இல்லை. கேட்கிறவர் சொல்லை மட்டும் கவனித்தால் போதும். இரண்டாவது சரணத்தில் கூட்டமே சேர்ந்து பாடிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அடுத்த நாள் கொழுந்து பறிக்கும்போது அதை முணுமுணுப்பார். துண்டறிக்கைக்கு இந்த வசதி உண்டா?

இதோடு வயல்வேலைப் பாட்டு, தெம்மாங்கு மெட்டுகளும் சேர்ந்துகொண்டன. கிண்டல், நையாண்டி, குடும்பச் சண்டை மாதிரியான பேச்சு நடை. விலைவாசியும் கூலியும் நிலமும் இந்த நடையில்தான் மேடையேறின.

மேடையில் பெண் குரலும் வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் கட்சிக் குழுவில் பாட அன்று பெண்கள் வருவது அரிது. அதற்கும் தீர்வு வீட்டிலேயே இருந்தது. 14 வயதில் குழுவில் சேர்ந்த தம்பி ராசய்யாவுக்கு இன்னும் குரல் உடையவில்லை. பெண் குரலில் பாடுவது அவர் வேலையானது. கைதட்டல் அள்ளியது என்று சொல்வார்கள். குரல் உடைந்ததும் அந்த வேலை போனது, அவர் ஆர்மோனியத்தின் பக்கம் நகர்ந்தார்.

அந்த ஆர்மோனியக் கதை தனி. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தம்பிகள் தொடக்கூடாது, தொட்டால் அடி. அண்ணன் வெளியே போனதும் எடுத்து வாசித்து, அவர் வருவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிடுவது வழக்கம். இந்தத் திருட்டு வாசிப்பை இளையராஜா பின்னாளில் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒருவேளை அண்ணன் தாராளமாக அனுமதித்திருந்தால் தம்பி இவ்வளவு ஆர்வமாகக் கற்றிருப்பாரா என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு தொகுதி, ஒரு அரசு

பாவலரின் வாழ்க்கையில் பெரிய சம்பவம் என்றால் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் உருவாயின. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் அதிகம். அதனால் அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று பெரிய போராட்டம் நடந்தது. கடைசியில் இரண்டும் கேரளாவுக்கே போயின. ஆறாத காயம் அது. அடுத்த ஆண்டே கேரளாவில் தேர்தல். மொத்தம் 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். மெஜாரிட்டிக்கு வேண்டியதைவிட ஒரே ஒருவர்தான் கூடுதல். 1957 ஏப்ரல் 5இல் இஎம்எஸ் நம்பூதிரிபாடு முதல்வரானார்.

தேவிகுளத்தில் வென்றவர் ரோசம்மா புன்னூஸ். கேரள சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பதவியேற்ற உறுப்பினர், தற்காலிக சபாநாயகராகவும் இருந்தவர். ஆனால் எதிர்த்துப் போட்டியிட இருந்த பி.கே.நாயரின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது செல்லாது என்று வழக்கு போய், ரோசம்மாவின் வெற்றியே ரத்தானது. 1958இல் மறுபடியும் தேர்தல். நூலிழை மெஜாரிட்டியில் ஓடும் அரசு. ஒரு சீட் போனால் கதையே மாறலாம். கட்சி வி.எஸ்.அச்சுதானந்தனைத் தேர்தல் பொறுப்பாளராக அனுப்பியது. ஆமாம், பின்னாளில் முதல்வரான அதே விஎஸ்தான்.

சிக்கல் எங்கே என்றால், வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். வேட்பாளர் மலையாளி. கட்சியின் தலைமையும் மலையாளத் தலைமை. கேரளாவில் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பாட்டும் நாடகமும் புதிதில்லை. 1952இல் கேபிஏசி மேடையேற்றிய தோப்பில் பாசியின் நாடகம் மாநிலத்தையே உலுக்கியது, அதன் பாடல்கள் இன்றும் அங்கே பாடப்படுகின்றன. ஆனால் அது மலையாளம். லயத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தை அது எட்டாது. எதிரே காங்கிரஸ் சும்மா இல்லை, தோட்டங்களில் ஐஎன்டியுசி சங்கமும் பலமாகவே இருந்தது.

அந்த இடைவெளியில்தான் பண்ணைப்புரத்துக்காரர் மலையேறினார். ஆர்மோனியத்தோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போனார்கள். காங்கிரஸின் சின்னம் இரட்டைக் காளை. அந்தக் காளைகளை வைத்து பாவலர் கட்டிய நையாண்டிப் பாட்டு தேர்தல் முடிந்து வெகுகாலம் கழித்தும் பேசப்பட்டது. பாடப்பட்டது தேனிப்பக்கத் தமிழில். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது அரசியல் மேடை மட்டும் இல்லை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரன் குரல். பாட்டன் பூட்டன் ஏறி வந்த அதே சாலையில் ஏறி வந்த குரல்.

ரோசம்மா மறுபடியும் வென்றார். இந்த வெற்றியின் பெருமை பாவலருக்குத்தான் என்று இஎம்எஸ் வெற்றிவிழா மேடையிலேயே பாராட்டினார் என்பது பாவலர் குடும்பத்தார் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி. பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று சொன்னால் விஎஸ்ஸின் களப்பணிக்கும் சங்கத்துக்காரர்களின் உழைப்பும் காணாமல் போய்விடும். ஆனால் எல்லைப் பிரச்சினையின் சூடு ஆறாத இரண்டாவது வருடம், ஒரு தமிழ்ப் பாடகர் போய் மலையாளி வேட்பாளருக்காகத் தமிழர்களிடம் ஓட்டுக் கேட்டார், அவர்களும் போட்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

கதை இனிமையாக முடியவில்லை. அதே 1958இன் பிற்பகுதியில் மூணாறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது, பாட்டுப் பாடி ஜெயிக்க வைத்த அதே கட்சி. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. ரோசம்மா மட்டும் நீண்ட ஆயுளோடு இருந்து, 100 வயதில், 2013இல் மறைந்தார்.

டெஸ்பாசிட்டோ கேட்டவர்களுக்கு இது புரியும்

2017இல் டெஸ்பாசிட்டோ வந்தபோது ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமல் தேனி மினி பஸ்ஸில்கூட அதைக் கேட்டு ஆடியவர்கள் உண்டு. அந்தப் பாட்டின் பின்னணியில் இருக்கும் ரெகேடோன், போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை. 1990களில் அதை அசிங்கம் என்று சொல்லி அங்கே போலீஸ் கடைகளில் ரெய்டு நடத்தி கேசட்டுகளைப் பறித்தது. இன்று உலகம் முழுக்க அதற்கு ரசிகர்கள். உழைக்கிற ஜனத்தின் தெருவிலிருந்து வரும் பாட்டு மொழியைத் தாண்டும், ஆனால் முதலில் அவமானத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

பாவலருக்கு இன்னும் நெருக்கமான லத்தீன் அமெரிக்க உறவுக்காரர் ஒருவர் உண்டு: சிலி நாட்டின் விக்டர் ஹாரா. கிடாரோடு சுரங்கத் தொழிலாளர்களிடமும் விவசாயிகளிடமும் போய்ப் பாடியவர், இடதுசாரி அதிபர் அயெந்தேவுக்காகத் தேர்தல் பிரசாரம் செய்தவர். 1973 செப்டம்பரில் ராணுவப் புரட்சி நடந்த சில நாட்களில் கொல்லப்பட்டார். ஹாராவின் குரல் இசைத்தட்டில் இருந்ததால் உலகம் அதைக் கேட்டது. பாவலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய கலை அன்றன்றைக்கு மேடையில் பிறந்து, கேட்டவர்களின் ஞாபகத்தில் மட்டும் தங்கியது. அரசியல் பாட்டில் அன்றைய விலைவாசியும் அன்றைய வேட்பாளரும் இருப்பார்கள். தேர்தல் முடிந்தால் பாட்டுக்கு வயதாகிவிடும். அந்தச் சுமையும் அவருக்கு இருந்தது.

பத்து வருடம், ஒரு பள்ளிக்கூடம்

தேவிகுளத்துக்குப் பிறகு குழு தென்னிந்தியா முழுக்கச் சுற்றியது. பாவலர் பிரதர்ஸ் என்ற பெயர் நிலைத்தது. பாஸ்கர் தபேலா, ராசய்யா ஆர்மோனியம், அமர் பாட்டு. இளையராஜா ஏறக்குறைய பத்து வருடம் இந்த மேடையிலேயே இருந்தார். இசைக்கல்லூரி எதற்கும் போகாத ஒருவர் ஆயிரக்கணக்கான மக்கள் எந்த இடத்தில் தலையாட்டுகிறார்கள், எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று நேரில் பார்த்துக் கற்ற பத்து வருடம்.

1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் இரங்கல் கவிதை எழுதினார். அதற்கு ராசய்யா மெட்டுப் போட்டார், குழு அதை மேடையில் பாடியது. இளையராஜாவின் முதல் இசையமைப்பு என்று சொல்லப்படுவது இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் கேரள அரசைக் கலைத்த பிரதமருக்கு, அந்த அரசுக்காகப் பாடிய மேடையில் இரங்கல் பாட்டு! அந்தக் காலத்து அரசியலில் இப்படி ஒரு கண்ணியமும் இருந்தது.

அதே 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. எல்லா ஊரிலும் தோழர்கள் பிரிந்தார்கள். இயக்கத்தையே மேடையாக வைத்திருந்த ஒரு குழுவுக்கு அது நல்ல காலம் இல்லை. பாட்டால் வீடு நிறையவும் இல்லை. கட்சி மேடைக்கு வந்த புகழ் அடுப்புக்கு வரவில்லை என்பது இந்த மாதிரிக் கலைஞர்கள் எல்லோருடைய கதையும்தான், பாவலர் விதிவிலக்கில்லை.

இதற்கிடையே அல்லிநகரத்துக்காரர் ஒருவர் சுகாதார ஆய்வாளர் வேலையில் இந்தப் பக்கம் வந்து, சகோதரர்களோடு சிநேகமானார். நாடகம் எழுதுவார், சினிமா பற்றியே பேசுவார். பின்னாளில் பாரதிராஜா. அவர் முதலில் சென்னை போனார். 1960களின் கடைசியில் பாவலரின் தம்பிகளும் ஆர்மோனியத்தையும் தபேலாவையும் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டில் இருந்த ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார் என்பது இளையராஜா திரும்பத் திரும்பச் சொல்லும் நினைவு.

பாவலர் பள்ளத்தாக்கிலேயே இருந்தார். சினிமா அவரைத் தேடி வரவில்லை. மெட்ராஸில் தம்பிகள் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, கச்சேரிகளில் வாசித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக நுழைந்துகொண்டிருந்த காலத்தில், 1970களின் தொடக்கத்தில், அவர் காலமானார். முதுமை எல்லாம் இல்லை, வாழ வேண்டிய வயது.

1976 மே மாதம் அன்னக்கிளி வந்தது. வயலில், மருத்துவச்சி வீட்டில், கல்யாணப் பந்தலில் கேட்ட மெட்டெல்லாம் தியேட்டரில் கேட்கிறதே என்று தமிழ்நாடு ஆச்சரியப்பட்டது. அந்த மெட்டுகளை மைக் முன்னால் கொண்டுவரலாம், அதற்குக் கூட்டம் சேரும் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பத்து வருடம் பாவலரின் மேடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது புதுத் தைரியம் இல்லை. மூணாறு எஸ்டேட்டில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தது.

தம்பிகள் அண்ணனை மறக்கவில்லை. 1981இல் அலைகள் ஓய்வதில்லை படத்தைப் பாஸ்கர் தயாரித்தபோது கம்பெனிப் பெயரில் பாவலர் வந்தார். ஆனால் பெயர் வந்த அளவுக்கு அவர் பாடிய அரசியல் சினிமாவுக்குள் வரவில்லை. கங்கை அமரன் 2017இல் ஆர்.கே.நகரில் பாஜக வேட்பாளரானார். இளையராஜா 2022இல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினரானார். அப்போதெல்லாம் சமூக வலைதளங்களில் பாவலரின் பெயரை இழுத்துத் திட்டியவர்களும் உண்டு, தம்பிக்கு அவர் வழி என்று விட்டவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் பாவலரின் பாட்டு என்ன சொன்னது என்று தேடிப் படித்தவர்கள் குறைவு.

மலையில் அவரை நேரில் கேட்ட தலைமுறை இப்போது கிட்டத்தட்ட இல்லை. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எல்லாம் அதற்குள் போயின. அங்கே தேர்தல் வந்தால் இன்றும் போஸ்டர் இரண்டு மொழியில் அடிக்கிறார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பிரசார ஜீப்பில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டும் ஓடும், பெரும்பாலும் ஏதோ ஒரு சினிமா மெட்டில்.